வெள்ளைத் தலையோடு பழுப்புத் தலையையும் எண்ணுங்கள்: பனிக்காலக் கழுகு பார்த்தல் பற்றி

கேள்வி இது: "போன கோடையில் இல்லினாயில் பியோரியாவுக்குக் குடிவந்தோம். ஜனவரியில் ஆற்றோரம் வெண்தலைக் கழுகுகளைக் கூட்டமாகப் பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்கிறார்கள். ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் அந்தக் குளிரில் அழைத்துப் போகலாமா? எங்கே, எப்போது போவது? பைனாகுலர் வாங்க வேண்டுமா? பார்த்துவிட்டு வந்துவிடாமல் அந்தப் பறவைகளுக்கு நம்மால் ஏதாவது செய்ய முடியுமா?"

தாராளமாக அழைத்துப் போங்கள். இந்தப் பக்கம் வந்து எனக்குப் பதினான்கு பனிக்காலம் ஆகிறது. அதில் பதினோரு ஜனவரியில் கழுகு எண்ணும் வேலையில் நின்றிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளைத் தலையைத்தான் தேடுவார்கள். நீங்கள் பழுப்புத் தலையையும் தேடுங்கள். காரணம் கீழே வரும்.

முதலில் இந்தப் பறவைகள் ஏன் இங்கே கூடுகின்றன என்று தெரிந்துகொண்டால், எங்கே போவது என்பது தானாகவே விளங்கிவிடும். வெண்தலைக் கழுகுக்கு முதல் உணவு மீன். கனடாவிலும் மின்னசோட்டா, விஸ்கான்சின் வட பகுதிகளிலும் ஏரிகள் டிசம்பரில் இறுகிப்போகும். மீன் பனிப்பாளத்துக்கு அடியில், கழுகு மேலே. பிறகு அது தெற்கே நகர்ந்து, உறையாத நீர் எங்கே இருக்கிறதோ அங்கே தங்கிவிடும். மிசிசிப்பியிலும் இல்லினாய் ஆற்றிலும் கப்பல் போக்குவரத்துக்காகக் கட்டிய லாக் அணைகள் வரிசையாக இருக்கின்றன. அணைக்கு மேற்பக்கம் ஆறு வெள்ளைத் தரையாகிவிடும். கீழ்ப்பக்கம் மதகு வழியே கொட்டும் நீர் புரண்டுகொண்டே இருப்பதால் அங்கே பனி பிடிக்காது. அத்துடன் 'கிஸ்ஸார்ட் ஷாட்' என்று ஒரு வெள்ளிநிற மீன் இந்த ஆறுகளில் ஏராளம். நீர் ரொம்பக் குளிர்ந்தால் அதற்கு உடம்பு தளர்ந்துவிடும், பல செத்தும் மிதக்கும். மதகில் அடிபட்டு மயங்கி மேலே வருவதும் உண்டு. பசித்த கழுகுக்கு இதைவிட எளிதான பந்தி கிடையாது.

அதனால்தான் குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கழுகு. ஆறு முழுக்கத் திறந்திருக்கும் இளங்குளிர் ஆண்டில் அவை எங்கெங்கோ சிதறிக் கிடக்கும்; அணைக்கட்டில் நான்கைந்துதான் தென்படும். ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் நின்றால், அடுத்து வரும் சனிக்கிழமையை விடாதீர்கள். பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். விடிந்ததிலிருந்து காலை பத்து மணிக்குள் மீன் பிடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் கரையோரத்துக் காட்டன்வுட் மரங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பியோரியாவிலிருந்து உங்களுக்கு மூன்று திசையில் வழி இருக்கிறது. குழந்தைகளோடு முதல்முறை என்றால் ஸ்டார்வ்டு ராக். வடகிழக்கே ஒன்றேகால் மணிநேரப் பயணம். இல்லினாய் ஆற்றின் தென்கரையில் அந்தப் பாறையும் மாநிலப் பூங்காவும், நேர் எதிரே வடகரையில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் பார்வையாளர் மையமும் இருக்கின்றன. மையத்தில் கதகதப்பான அறை, கழிவறை, அணையை நோக்கிய மேடை எல்லாம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம். பனிக்காலத் திறப்பு நேரத்தை மட்டும் கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டால் தென்கரைப் பாறை உச்சிக்கு ஏறுங்கள். அங்கிருந்து வடக்கே பார்ப்பதால் வெயில் முதுகுப் பக்கம் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். வடகரையில் நாள் முழுக்க வெயிலுக்கு எதிரேதான் பார்க்க வேண்டியிருக்கும். பாறைக்கு ஏறும் மரப்படியில் பனி உறைந்திருக்கலாம், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பாறை உச்சியிலிருந்து குனிந்தால் ஆற்றின் நடுவே ஒரு தீவு தெரியும். பெயர் பிளம் தீவு. பனிக்காலத்தில் கழுகுகள் வந்து உட்காரும் மரங்கள் அதில்தான் இருக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் அதில் கட்டடங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. இல்லினாய் ஆடுபான் சொசைட்டி என்ற மாநிலப் பறவைச் சங்கம் நன்கொடை திரட்டி 2004-இல் தீவையே விலைக்கு வாங்கிவிட்டது. இன்றைக்கு நீங்கள் மேலிருந்து எண்ணுகிற கழுகுகள் உட்கார்ந்திருப்பது அப்படி யார் யாரோ கொடுத்த பணத்தில் மிஞ்சிய மரங்களில். உள்ளூர்ப் பறவைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் காசு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்தத் தீவைத்தான். ஜனவரியில் ஒரு வார இறுதியில் இந்தச் சங்கமும் பூங்காவும் பொறியாளர் படையும் சேர்ந்து கழுகு பார்க்கும் விழா நடத்துகின்றன. அன்று தன்னார்வலர்கள் பெரிய ஸ்கோப்புகளை நிறுத்திவைத்து யார் வந்தாலும் காட்டுவார்கள். கூட்டம் இருக்கும், ஆனாலும் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம்.

இரண்டாவது, வடமேற்கே ஒன்றரை மணிநேரத்தில் குவாட் சிட்டீஸ் என்ற நகரக் கூட்டம். அங்கே மிசிசிப்பியின் அயோவா கரையில், லெக்ளேர் ஊருக்குப் பக்கத்தில் 14-ஆம் எண் அணை இருக்கிறது. கழுகுப் படம் எடுப்பவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வரும் இடம். கரை அருகிலேயே மீனைக் கவ்விக்கொண்டு போகும், காரிலிருந்தபடியே பார்க்கலாம். ராக் ஐலண்டில் 15-ஆம் எண் அணையும் உண்டு.

மூன்றாவது இடம்தான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது, ஆனால் அதிகம் பேர் சொல்ல மாட்டார்கள். தென்மேற்கே ஒரு மணிநேரத்தில் ஹவானா ஊர், ஆற்றுக்கு அக்கரையில் எமிக்வான். நூறு ஆண்டுக்கு முன் அங்கே தாம்சன், ஃப்ளாக் என்ற இரண்டு ஏரிகள் இருந்தன. 1920களில் கரை கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, மக்காச்சோள வயல் ஆக்கினார்கள். 2000-இல் 'நேச்சர் கன்சர்வன்சி' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிலத்தை வாங்கியது. 2007-இல் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். செய்த பெரிய காரியம் அவ்வளவுதான். மழையும் ஊற்றும் சேர்ந்து ஏரி திரும்பி வந்துவிட்டது. எண்பது ஆண்டு உழுத மண்ணிலிருந்து நீர்ச்செடிகள் முளைத்தன, பின்னாலேயே வாத்துகள் வந்தன. 2012-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; நம் வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் இருக்கிற அதே பட்டியல். பிப்ரவரி கடைசியில் பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்போது, சாகும் தறுவாயில் இருக்கும் ஒன்றிரண்டுக்காகக் கழுகுகள் பனிப்பாளத்தின் மேல் காத்து நிற்கும். அந்த வெள்ளைக் கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் எழுவதை உங்கள் மகள் ஒருமுறை பார்க்கட்டும்.

இனி பறவையைப் பற்றி. 'பால்ட் ஈகிள்' என்ற ஆங்கிலப் பெயரைக் கேட்டு நம்மில் சிலர் மொட்டைக் கழுகு என்கிறார்கள். அதற்கு மொட்டையே இல்லை, தலை நிறைய வெள்ளை இறகு. பழைய ஆங்கிலத்தில் 'பால்ட்' என்ற சொல்லுக்கு வெள்ளை என்றும் பொருள் இருந்தது, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரில் குளக்கரையில் சுற்றும் செம்பருந்தைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் சொல்லிக்கொடுப்பது சுலபம்: கருடன் என்று தாத்தா பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதைப் போலவே தலை வெள்ளை, ஆனால் சிறகு விரித்தால் இரண்டு மீட்டர் வரும். இன்னும் நெருங்கிய சொந்தம் மன்னார் வளைகுடாப் பக்கம் பறக்கும் வெள்ளைவயிற்றுக் கடற்கழுகு. வெண்தலைக் கழுகும் கடற்கழுகு இனம்தான். பறக்கும்போது சிறகைப் பலகை போல மட்டமாக நீட்டிப் பிடிக்கும், தூரத்திலிருந்தே அதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். பெண் கழுகு ஆணைவிடப் பெரியது. குரலைக் கேட்டால் மகன் ஏமாந்துபோவான். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கீச்சுக் கீச்சென்று மெலிதாக வரும். சினிமாவில் கழுகைக் காட்டும்போது கேட்கும் அந்த நீண்ட அலறல் பெரும்பாலும் செவ்வால் பருந்தினுடையது.

வெள்ளைத் தலை வருவது ஏறத்தாழ ஐந்தாவது வயதில். அதுவரை அது வேறு பறவை போலவே இருக்கும். முதல் ஆண்டில் உடம்பெல்லாம் கரும்பழுப்பு, அலகு கறுப்பு, கண்ணும் பழுப்பு. இரண்டு மூன்று வயதில் வயிற்றிலும் முதுகிலும் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெள்ளைத் திட்டுகள். நான்காம் வயதில் தலை அழுக்கு வெள்ளையாகி, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு மிச்சமிருக்கும். அலகும் கண்ணும் மஞ்சளாக மாறிக்கொண்டு வரும். புதிதாக வருபவர்கள் இந்த இளசுகளைப் பார்த்து "இது வேறு ஏதோ பருந்து" என்று கேமராவைத் தாழ்த்திவிடுவார்கள். அங்கேதான் பெரிய விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்.

சார்லஸ் புரோலி என்று ஒருவர். கனடாவின் வின்னிபெக்கில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1939-இல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கடற்கரையில் மரமேறிக் கழுகுக் குஞ்சுகளுக்குக் கால்வளையம் மாட்டத் தொடங்கினார். அறுபது வயதை ஒட்டிய மனிதர், உயர உயரமான மரங்களில் கயிற்றேணி போட்டு ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார். 1947 முதல் கூடுகளில் குஞ்சு குறைவதைக் கண்டார். முட்டை இருக்கும், பொரிக்காது. 1958-இல் நூறு மைலுக்கு மேல் கடற்கரையைச் சுற்றிய பிறகுதான் வளையம் மாட்ட ஒரே ஒரு குஞ்சு கிடைத்தது. பூச்சிக்கொல்லியான டி.டி.டி.தான் காரணம் என்று அப்போதே சந்தேகப்பட்டார். அது நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற கழுகின் உடம்பில் தங்கி, முட்டை ஓட்டை மெல்லியதாக்கிவிடும். தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே ஓடு நொறுங்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கழுகு நெடுநாள் வாழும் பறவை. குஞ்சே பிறக்காவிட்டாலும் பத்துப் பதினைந்து ஆண்டு பெரிய பறவைகள் ஆற்றங்கரையில் வழக்கம்போல் உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் தலையை மட்டும் எண்ணியவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. பழுப்புத் தலை குறைகிறது என்று கவனித்தவர்களுக்குத்தான் ஆபத்து முதலில் தெரிந்தது. 1963-இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களிலும் சேர்த்து 417 ஜோடிகள்தான் கூடு கட்டியிருந்தன. 1972-இல் டி.டி.டி.யைத் தடைசெய்தார்கள். கூடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, கழுகே இல்லாமல் போன மாநிலங்களில் வேறு இடத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். 2007-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது கிட்டத்தட்ட பத்தாயிரம் ஜோடிகள். 2021-இல் வெளியான அரசு மதிப்பீட்டில் 71,400 ஜோடிகள், மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள். ஆகவே உங்கள் மகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு.

இந்த எண்ணும் வேலைக்கு முறையான ஏற்பாடே இருக்கிறது. 1979-இல் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு தொடங்கிவைத்த நடுப்பனிக்காலக் கழுகுக் கணக்கெடுப்பு, ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் நடப்பது. ஆண்டுதோறும் அதே வழித்தடம், அதே நிறுத்தங்கள். பெரியவை எத்தனை, இளசு எத்தனை என்று தனித்தனியாகக் குறிப்போம். முதல் ஆண்டு எனக்கு வழி காட்டியவர் அறுபது கடந்த ஒரு பள்ளி ஆசிரியை. ஒரு கழுகு கூடத் தென்படாத நிறுத்தத்தில் காரைக் கிளப்ப நான் அவசரப்பட்டபோது, "பூஜ்யத்தையும் எழுதிவிட்டுப் போகலாம், அதுவும் கணக்குதான்" என்றார். அதற்குப் பிறகு எந்த நிறுத்தத்தையும் நான் அலட்சியமாகக் கடந்ததில்லை.

இப்போது எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பனிக்காலம் நமக்குக் கழுகைப் பார்க்கச் சுலபமான காலம், கழுகுக்குப் பிழைக்கக் கடினமான காலம். பகல் குறுகியது, மீன் கிடைப்பது நிச்சயமில்லை, இரவு முழுக்க உடம்புச் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே அது செய்யும் தந்திரம் அசையாமல் இருப்பது. மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் கழுகு சோம்பிக் கிடக்கவில்லை, தின்ற மீனைச் செலவழிக்காமல் சேமித்துக்கொண்டிருக்கிறது. நாம் நல்ல படத்துக்காக இன்னும் நான்கு அடி எடுத்து வைத்து அதைக் கிளப்பிவிட்டால், அந்தச் சேமிப்பிலிருந்து நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். ஒரு நாளில் ஐம்பது பேர் அப்படிச் செய்தால்? என் முதல் பனிக்காலத்தில் நானே செய்தேன். காரை விட்டு இறங்கி மரத்தடிவரை நடந்தேன். ஒரு கழுகு எழுந்தது, அதைப் பார்த்து இன்னும் ஏழு எழுந்தன. அரைமணி நேரம் காத்திருந்தும் அந்த மரத்துக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

காருக்குள்ளேயே இருங்கள். காரைக் கழுகுகள் அவ்வளவாகப் பொருட்படுத்தாது, அதிலிருந்து இறங்கும் மனித உருவம்தான் அவற்றை மிரட்டும். காலால் நடப்பதென்றால் கால் மைல் தள்ளி, அதாவது 400 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். அதற்கென்று அமைத்த மேடைகளில் நிற்பதில் தவறில்லை, அங்கே ஆள் நடமாட்டம் அவற்றுக்குப் பழகிப்போனது. உட்கார்ந்திருக்கும் பறவை தலையைத் திரும்பத் திரும்ப உங்கள் பக்கம் வைத்தாலோ, கிளையில் கால் மாற்றி மாற்றி நின்றாலோ, எச்சம் போட்டு முன்னால் குனிந்தாலோ பறக்கப்போகிறது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். கைதட்டுவது, ஹாரன் அடிப்பது, ட்ரோன் விடுவது, படத்துக்காக மீன் வீசுவது எதுவும் வேண்டாம். மாலையில் கழுகுகள் காற்றுப்படாத பள்ளத்தாக்கு மரங்களில் கூட்டமாக அடையும். அந்த அடைவிடம் எங்கே என்று தெரிந்தாலும் போகாதீர்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

இறகு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு இது தெரிவதில்லை. கீழே விழுந்து கிடக்கும் கழுகு இறகைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. 1940-இல் வந்த கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். பிள்ளை ஆசையாகப் பொறுக்கி வந்தால், தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். விசாவிலோ கிரீன் கார்டுக்குக் காத்துக்கொண்டோ இருக்கும் குடும்பம் இதில் சின்ன அலட்சியம்கூடக் காட்டக் கூடாது. கழுகு இறகைப் புனிதமாக மதித்துச் சடங்குகளில் வைக்கும் பூர்வகுடி மக்களுக்காக, இறந்த கழுகுகளையும் இறகுகளையும் சேகரித்துக் கொடுக்கும் ஓர் அரசுக் களஞ்சியம் கொலராடோவில் இருக்கிறது. கண்டெடுப்பவை போய்ச் சேர வேண்டிய இடம் அது. செத்துக் கிடக்கும் வாத்தையோ கழுகையோ பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இலிருந்து பறவைக் காய்ச்சல் இந்தக் கண்டத்துக் காட்டுப் பறவைகளிடையே பரவியிருக்கிறது.

பைனாகுலர் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெருக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். நூறு நூற்றைம்பது டாலரில் கிடைப்பதே பல ஆண்டு உழைக்கும். பத்து மடங்கு பெருக்குவது சின்னக் கைகளில் நடுங்கும். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து பார்த்தால் வெளியேறும் சூட்டில் காட்சி நீரில் பார்ப்பது போல அலையும். என்ஜினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் குளிரவிட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது, மாற்றுக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ளாஸ்க்கில் மிளகு ரசம் போகும். மைனஸ் பன்னிரண்டில் அதற்கு ஈடு இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு முக்கியமானதும் அதுதான். கழுகு பிழைத்துவிட்டது, இனி அதற்கு என்ன உதவி என்று தோன்றலாம். 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 வெண்தலைக் கழுகுகளையும் பொன்னிறக் கழுகுகளையும் சோதித்தார்கள். ஏறத்தாழ பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. காரணம் வேட்டைக் குண்டு. நவம்பரிலிருந்து இங்கே மான் வேட்டைப் பருவம். சுட்ட மானின் குடலை அங்கேயே போட்டுவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்துப்போவார்கள். ஈயக் குண்டு உடம்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும், அந்தக் குடலிலும் இருக்கும். பனிக்காலத்தில் மீன் போதாத கழுகு அதைத்தான் தேடி வரும். அரிசிமணி அளவு ஈயம் ஒரு கழுகைக் கொல்லப் போதும். ஊரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் வழியே பாறுக் கழுகுகளைக் கொன்ற கதை நமக்குத் தெரியும். இதுவும் அதே வழி: கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, உணவில் நஞ்சு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. செம்புக் குண்டு சிதறாது, கடையில் கிடைக்கிறது. பியோரியாவில் உங்களோடு வேலை பார்ப்பவர்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். வேட்டைக்காரர்களைக் குறை சொல்லும் தொனியில் பேசாதீர்கள். இந்த நாட்டில் ஈர நிலங்களைக் காப்பாற்றியதில் அவர்கள் பணத்துக்குப் பெரிய பங்குண்டு. "கழுகு பார்க்கப் போனோம், அங்கே இப்படிக் கேள்விப்பட்டோம்" என்று தொடங்குங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படிப் பேசியதால்தான் செம்புக்கு மாறினார்கள். மாற முடியாதவர்கள் குடலைப் புதைத்துவிட்டாலே போதும். நீங்களே தூண்டில் போடுகிறவராக இருந்தால் ஈயக் குண்டுக்குப் பதில் தகரமோ டங்ஸ்டனோ வாங்குங்கள்.

பணம் கொடுப்பதென்றால் நான் முதலில் சொல்வது உள்ளூரில் உரிமம் பெற்ற பறவை மறுவாழ்வு நிலையத்துக்கு. சிறகு தொங்கி, கால்விரல் சுருண்டு, பறக்க முடியாமல் வரும் ஈய நஞ்சுக் கழுகுக்கு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, நஞ்சை வெளியேற்றும் ஊசி என்று வாரக்கணக்கில் செலவாகும். இந்த நிலையங்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. போன் செய்து "என்ன தேவை" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில சமயம் பணத்தைவிடப் பழைய துண்டும் உறைய வைத்த மீனும் அவசரமாக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கழுகை நீங்களே வழியில் கண்டால் கிட்டே போகாமல், மாநில இயற்கை வளத் துறைக்கோ அந்த நிலையத்துக்கோ போன் செய்யுங்கள். அந்த அலகுக்கும் நகத்துக்கும் பயிற்சி பெற்றவர்களே பயந்துதான் கை வைப்பார்கள்.

அடுத்து 'டக் ஸ்டாம்ப்', வாத்து வேட்டைக்காக மத்திய அரசு விற்கும் முத்திரை. 25 டாலர், தபால் நிலையத்திலோ இணையத்திலோ வாங்கலாம். 1934-இலிருந்து இருக்கிறது. நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டியது, ஆனால் யாரும் வாங்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈர நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்கு அதுவே நுழைவுச் சீட்டு. மின்னசோட்டாவின் வபாஷாவிலிருந்து ராக் ஐலண்ட் வரை 261 மைல் நீளும் மேல் மிசிசிப்பி புகலிடம் 1924-இல் ஏற்பட்டது. அப்படி ஒதுக்கிய இடங்கள் இல்லாமல் இந்த ஆற்றில் கழுகு உட்கார மரம் இருந்திருக்காது.

இன்னொன்று. கழுகு இந்த நாட்டின் சின்னம், அதற்குக் கொடுக்க ஆள் உண்டு. 1970-இலிருந்து வட அமெரிக்கா கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019-இல் கணக்கிட்டார்கள். கழுகு கூடிய அதே காலத்தில் புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. இல்லினாயின் பெரும்பகுதி ஒரு காலத்தில் புல்வெளி. உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் மக்காச்சோள வயலெல்லாம் அதுதான். அங்கே வேலிக்கம்பத்தில் நின்று பாடும் மஞ்சள் மார்பு மெடோலார்க்குக்கு இன்றைக்குக் கழுகைவிட உதவி தேவை. உங்கள் ஊரிலேயே பியோரியா ஆடுபான் சொசைட்டி இருக்கிறது. கழுகைக் காரணம் வைத்து உள்ளே போங்கள், அங்கே போனால் மற்றப் பறவைகளும் கண்ணில் படத் தொடங்கும். டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900-இலிருந்து நடந்துவருவது. புதியவர்களை அனுபவசாலியோடு சேர்த்து அனுப்புவார்கள், ஒன்பது வயதுப் பெண் தாராளமாகப் போகலாம். பிப்ரவரியில் வீட்டு ஜன்னலில் இருந்தபடியே எண்ணும் நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு, அது மகனுக்கு.

அடுத்த வாரம் வடக்கிலிருந்து கடும் குளிர் இறங்கும் என்கிறது வானிலை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஸ்டார்வ்டு ராக் போய்விடுங்கள். முதலில் வடகரை மையம், பிள்ளைகள் கொஞ்சம் சூடேறிய பிறகு தென்கரைப் பாறை. மகள் நோட்டில் இரண்டு பக்கமும் எத்தனை என்று எழுதிய பிறகு, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் செயலியில் அன்றைய பட்டியலாக ஏற்றிவிடுங்கள். குறிப்புப் பகுதியில் பெரியவை இத்தனை, இளசு இத்தனை என்று பிரித்து எழுதினால் போதும். கழுகு ஒன்றும் வராத நாளாக இருந்தால், பார்த்த மற்றப் பறவைகளை எல்லாம் எழுதி, முழுப் பட்டியல் என்று குறித்து ஏற்றுங்கள். கழுகு இல்லை என்பது அதிலிருந்தே பதிவாகிவிடும்.